66 வயதில் பியானோ: மூளைக்குப் பலன் உண்டா, கட்டைவிரல் தேய்மானம் தாங்குமா?

திருச்சி_வாசகி:

அம்மாவுக்கு 66 வயது. பள்ளி நாட்களில் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றார், தொடக்கநிலைப் பாடமான கீதம் வரை. அதோடு நின்றுவிட்டது. இப்போது பணி ஓய்வு. பகல் முழுக்க டிவி. லேசான மனச்சோர்வு என்று மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சர்க்கரை உண்டு, கட்டுக்குள் இருக்கிறது. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். பாட்டில் மூடி திருகினால் வலிக்கும்.

பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். "பியானோ வாசித்தால் மறதி நோய் வராது, ரத்த அழுத்தம் இறங்கும், ஐக்யூ ஏறும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை அப்படியே விழுங்க நான் தயாரில்லை. இந்த வயதில் தொடங்கினால் எதற்குப் பலன் எதிர்பார்க்கலாம், எதற்குக் கூடாது? வாரத்துக்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? பேரனின் 61 கீ கீபோர்டு வீட்டில் சும்மா கிடக்கிறது, அது போதுமா? முக்கியமாக, அந்தக் கட்டைவிரல் தாங்குமா?

"வயசெல்லாம் ஒரு தடையே இல்லை" வகைப் பதில்கள் வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எண்கணக்கு:

அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரிக்கலாம்: ஓரளவு ஆதாரம் உள்ளவை, ஆதாரம் தொங்கலில் நிற்பவை, வெறும் கதை.

உங்கள் அம்மாவின் வயதுக்காரர்களை வைத்தே நடந்த ஆய்வுகள் உண்டு. 2007-இல் அமெரிக்காவில் ஜெனிபர் பூகோஸ் குழு, இசை கற்றிராத 60 முதல் 85 வயதுக்காரர்களுக்கு 6 மாதம் பியானோ சொல்லிக்கொடுத்தது. வாரம் ஓர் அரை மணி வகுப்பு, அதோடு வீட்டில் வாரம் 3 மணி நேரப் பயிற்சி. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்கும் சோதனையிலும், எண்ணுக்குரிய குறியீட்டை வேகமாக எழுதும் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் திறனையும் மூளையின் வேகத்தையும் அளப்பவை இவை. குறை என்னவென்றால் மொத்தமே 31 பேர். ஒப்பீட்டுக் குழுவுக்கு மாற்று வேலை எதுவும் தரப்படவில்லை. வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியரோடு பேசிச் சிரித்துவிட்டு வந்ததே பலன் தந்ததா, பியானோ தந்ததா என்று பிரிக்க முடியாது.

2013-இல் ஸ்பெயினில் சோபியா சைன்ஃபெல்ட் குழு செய்தது 4 மாதப் பயிற்சி. அங்கே ஒப்பீட்டுக் குழுவினர் உடற்பயிற்சி, ஓவியம், கணினி என்று வேறு வேலைகளில் இருந்தார்கள். அப்படியும் பியானோ குழுவில் கவனச் சிதறலை அடக்கும் சோதனையில் முன்னேற்றம், மனச்சோர்வு மதிப்பெண்ணில் இறக்கம். இதுவும் சிறிய ஆய்வு. இரண்டு குழுவும் சேர்ந்து 30 பேர்கூட இல்லை.

பெரிதாகவும் கறாராகவும் நடந்தது ஜெர்மனியின் ஹனோவரும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவும் சேர்ந்து செய்தது. ஒரு குழு பியானோ வாசித்தது; மற்றது இசையைக் கேட்டு, அலசி, விவாதிக்கக் கற்றது. 132 பேரின் 6 மாத மூளைப் படங்களை வைத்து 2023-இல் வெளிவந்த கட்டுரைப்படி, கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் நிறுத்தும் நினைவு இரண்டு குழுவிலுமே கூடியது. கேட்டல் குழுவில், ஒலியை உணரும் மூளைப் பகுதியான செவிப்புறணியின் கன அளவு வலப்பக்கம் குறைந்தது. வாசித்த குழுவில் குறையாமல் நின்றது. வயதால் வரும் மொத்த மூளைச் சுருக்கத்தை இரண்டுமே நிறுத்தவில்லை. "பியானோ மூளையை இளமையாக்கும்" என்று செய்தி போட்டவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மறதி நோய்க்கு வருவோம். 2003-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் புத்தகம் படிப்பது, சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டுகள், இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது. 2014-இல் ஸ்வீடனின் இரட்டையர்களை ஆராய்ந்ததில், ஒருவர் மட்டும் கருவி வாசித்த ஜோடிகளில் வாசித்தவருக்கு மறதி நோயோ அறிவுத்திறன் குறைவோ வரும் வாய்ப்பு 64 சதவீதம் குறைவு. எண் கவர்ச்சிதான், ஆனால் அப்படிப்பட்ட ஜோடிகள் 27 மட்டுமே. இவை கவனிப்பு ஆய்வுகள், அதாவது யாருக்கும் பயிற்சி கொடுக்காமல் நடப்பதை மட்டும் பார்த்தவை. நோயின் ஆரம்பத்தில் இருப்பவர் நோய் வெளியே தெரியும் முன்பே கருவியைக் கைவிட்டிருக்கலாம். அப்போது காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். "வராது" என்று யாரும் உறுதி தர முடியாது.

ஐக்யூ கதையின் வேர் 1993. கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மொசார்ட் கேட்டபின் இடம், வடிவம் சார்ந்த ஒரு சோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தத் தாக்கம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. கேட்டதற்குக் கிடைத்த அந்த முடிவைத்தான் வாசிப்பதற்கும் குழந்தைகளுக்கும் நீட்டி விற்கிறார்கள். குழந்தைகளைப் பற்றிய 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு அலசல், ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறு ஏதாவது பயிற்சி கொடுத்த ஆய்வுகளில் இசையின் கூடுதல் பலன் ஏறத்தாழ பூஜ்யம் என்றது. பேரனைச் சேர்ப்பதென்றால் பியானோவுக்காகச் சேருங்கள், கணக்கு மார்க்குக்காக வேண்டாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் பியானோ மருந்தில்லை. உட்கார்ந்து பியானோ வாசிக்க உடல் செலவிடும் ஆற்றல், சும்மா இருக்கையில் செலவாவதைப் போல 2.3 மடங்குதான், வேகநடைக்கு அதைவிட நன்றாகவே அதிகம். நடையைக் குறைத்துவிட்டுப் பியானோவில் உட்கார்ந்தால் நஷ்டம். மனச்சோர்வு மாத்திரையையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது. அதை அந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் கணிப்பு: 4 முதல் 6 மாதம் ஒழுங்காக வாசித்தால் கவனம், மனநிலை இரண்டிலும் மாற்றம் எதிர்பார்ப்பது நியாயம். ஆய்வுகளில் பலன் கண்டவர்கள் எல்லோரும் புதிதாக எதையோ கற்றுக்கொண்டே இருந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

---

மந்தரஸ்தாயி:

மேலே சொன்னதன் கடைசி வரியிலிருந்து பிடிச்சுக்கறேன். ஒரே பாட்டை வலது கையில மட்டும் வாசிச்சு, இடது பக்கம், பக்கவாத்தியத்தைத் தானா வாசிக்கற 'ஸ்டைல்' பட்டனைத் தட்டி விட்டா கேட்க ஜோரா இருக்கும். ஆனா பாதி வேலையை மெஷின் செய்துடும். ரெண்டு கை, ரெண்டு வேலை, கண்ணு தாள்ல, காது சத்தத்துல. இந்த நாலும் ஒரே நேரத்துல நடக்கறதுதான் பியானோவோட தனிச்சிறப்பு. முதல் நாளே அந்த ஸ்டைல் பட்டனுக்கு லீவு கொடுத்துடுங்க.

வயலின்ல ஸ்வரம் சரியா விழற ஸ்தானம் பிடிக்கவே மாசக்கணக்கா ஆகும். பியானோவில கீயைத் தட்டினா ஸ்வரம் சுத்தமா வந்துடும். வயசானவங்க முதல் வாரமே விட்டுட்டுப் போகாம இருக்க இது பெரிய காரணம். காதுக்கும் கைக்கும் நடுவுல முடிச்சு விழறதுகூட சீக்கிரமே தொடங்கிடும். ஹனோவர்ல 2003-இல் செய்த ஆய்வில, பியானோவே தொடாதவங்களுக்கு 20 நிமிஷ வகுப்பு பத்து, அஞ்சு வாரத்துல. முதல் வகுப்புக்கு அப்புறமே வெறுமனே கேட்கும்போது கையை அசைக்கற மூளைப் பகுதியிலயும் மாற்றம் தெரிஞ்சது.

அம்மாவுக்குக் கீதம் வரை தெரியும்னா அதை மூலதனமா வச்சுக்கலாம்.

ரெண்டு கறுப்பு கீ சேர்ந்திருக்கற இடத்தைப் பாருங்க. அதுக்கு ஒட்டின இடது பக்க வெள்ளை கீதான் சி. 61 கீ கீபோர்டுல இடமிருந்து மூணாவது சி, 88-இல் நாலாவது சி, நடு சி. வலது கட்டைவிரலை அதுல வச்சு அடுத்தடுத்த வெள்ளை கீகள்ல ஒவ்வொரு விரலா வச்சா ச ரி க ம ப கையில இருக்கு, சங்கராபரண ராகம். பியானோவில கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. ரெண்டு கைக்கும் இதே எண்தான். அதனால இடது கையில ச-வுக்கு 5, ப-வுக்கு 1. முதல் வாரம் இந்த அஞ்சு ஸ்வரத்துலயே 'சரிகமபமகரி ச' போதும். வலது கை தனியா, இடது கை தனியா.

வாய்ப்பாட்டு ஆரம்பப் பாடத்தோட ராகமான மாயாமாளவகௌளை வேணும்னா: ரி, சி-யை ஒட்டின கறுப்பு கீ. க ம ப முன்ன மாதிரியே. த, ப-வை ஒட்டின வலது பக்கக் கறுப்பு கீ. நி, மேல் ச-வுக்கு முந்தின வெள்ளை கீ. வலது கை ஆரோகணத்துக்கு விரல் 1 2 3, கட்டைவிரல் அடியில நுழைஞ்சு மறுபடி 1 2 3 4 5. இடது கைக்கு 5 4 3 2 1, மூணாவது விரல் மேல தாண்டி 3 2 1. கட்டைவிரல் நுழையற இந்த இடம் அவங்க மூட்டுக்கு ஒத்துவருமான்னு கை மூட்டுக்கான சிகிச்சை தெரிஞ்சவங்க சொல்லட்டும். அதுவரை அஞ்சு ஸ்வரத்துக்குள்ளயே இருங்க. ஸ்வரத்தை அசைச்சு இழுக்கற கமகத்தை மட்டும் பியானோகிட்ட கேட்காதீங்க. வராது.

கூடவே பாடினா மனசுக்கு இன்னும் நல்லது. ஆனா சி-யில ச வச்சா ஒரு கட்டை சுருதி (கட்டைங்கறது ச எந்த உயரத்துல தொடங்குதுங்கற கணக்கு). அஞ்சு கட்டையில பாடிப் பழகின பெண்குரலுக்கு அது மேலயும் எட்டாது, கீழயும் இறங்காது. மொத்தக் கீபோர்டோட சுருதியை ஏத்தி இறக்கற டிரான்ஸ்போஸை மைனஸ் 5-க்குக் கொண்டுபோனா, அதே நடு சி-யை அழுத்தும்போது அஞ்சு கட்டை ச கேட்கும். ஸ்வர வரிசைக்கு மட்டும் இது. தாளைப் பார்த்து வாசிக்கும்போது திரும்ப பூஜ்யத்துல வைக்கணும், இல்லேன்னா காதும் கண்ணும் வேற வேற பேசும்.

ரெண்டு கையும் சேர்க்கறது மூணாவது வாரம். நேரா ஒரே ஸ்வரத்தை ரெண்டு கையிலயும் வாசிக்கத் தொடங்காதீங்க, அதுதான் கஷ்டம். ரெண்டு கட்டைவிரலையும் நடு சி-யிலயே வச்சு வெளிப்பக்கம் விரிஞ்சு போங்க. ரெண்டு கையிலயும் ஒரே விரல் எண் நகரும், மூளைக்குச் சுலபம். அது சரியானதும் இடது கை ச-ப பிடிச்சு நிற்க வலது கை வரிசை. அதுக்கப்புறம் இடது கை முதல் காலம், வலது கை ரெண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம். இந்தக் கடைசிப் பயிற்சிக்கு ஈடா ஒரு மூளைப் பயிற்சி ஆப் கிடையாதுன்னு தைரியமா சொல்வேன்.

மேற்கத்திய நோட்டேஷனை நாலாவது வாரம் ஆரம்பிங்க. "ஸ்வரம் எழுதி வச்சுக்கறேனே"ன்னு பலரும் நழுவுவாங்க. அஞ்சு கோட்டுல புள்ளியைப் பார்த்து அடுத்த நொடி விரலுக்கு அனுப்பறதுதான் கவனத்துக்கான வேலை, அதை விட்டுடக் கூடாது. தினம் அஞ்சு நிமிஷம், இதுவரை பார்க்காத நாலு வரி. கீ மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. கண்ணு கீயை விட்டு ஏறவே ஏறாது.

நேரம்? ஒருநாளைக்கு 25 முதல் 30 நிமிஷம், வாரம் ஆறு நாள். பூகோஸ் ஆய்வின் 3 மணி நேரக் கணக்கும் இதுக்குப் பக்கத்துலதான் வருது. காலைல 15, சாயந்திரம் 15-ன்னு பிரிச்சா இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமா ரெண்டு மணி நேரம் உட்கார்றது கைக்கும் கேடு, மனசிலயும் பதியாது. விரல் பழக்கம் இடையில தூங்கற தூக்கத்துலதான் உறையுது. தாளத்தைத் தட்டிக் காட்டற மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 60 தட்டுல தொடங்கி, தொடர்ந்து மூணு தடவை பிசகில்லாம வந்தா மட்டும் 4 ஏத்துங்க.

வழக்கமா நடக்கற ரெண்டு கோளாறு. தப்பு வந்ததும் முதல் வரிக்கே திரும்பறது: முதல் வரி மட்டும் தங்கமா வரும், நாலாவது வரி எப்பவும் தடுக்கும். தப்பு விழற இடத்தை மட்டும் எடுத்து, அதுக்கு முந்தின ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரம் வரை பாதி வேகத்துல வாசிக்கணும். ரெண்டாவது, பாட்டு நல்லா வந்ததும் மாசக்கணக்கா அதையே வாசிக்கறது. நல்லா வந்துடுச்சுன்னா மூளைக்கு அதுல வேலை முடிஞ்சுடுச்சு. மனசுக்காக கடைசி அஞ்சு நிமிஷம் வாசிக்கட்டும், மீதி நேரம் புதுசு.

---

விரல்நுனி:

கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் இருந்தாலும் வாசிக்கலாம். அந்த மூட்டைக் கெடுப்பது கிள்ளிப் பிடிப்பது, திருகுவது, விரித்து அழுத்துவது. பியானோவில் கீயைக் கீழே இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும், ஆழம் சுமார் 10 மி.மீ. பாட்டில் மூடியைத் திருகுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆபத்து விரிப்பில் இருக்கிறது.

ஒரு வெள்ளை கீயின் அகலம் 23.5 மி.மீ., ஓர் எட்டு ஸ்வரக் கட்டம் (ஆக்டேவ்) சுமார் 16.5 செ.மீ. கையை முழுக்க விரித்து மேசையில் வைத்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். 20 செ.மீ.க்குக் குறைவென்றால் ஒவ்வொரு ஆக்டேவ் பிடிப்பும் அந்த மூட்டைக் கடைசி எல்லைவரை இழுக்கும். அம்மாவுக்கு வலது கையில் ஆக்டேவே வேண்டாம். மேல் ஸ்வரத்தை மட்டும் வாசிக்கலாம், அல்லது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, கையை நகர்த்தி வாசிக்கலாம். தொடக்கநிலைப் பாடங்களில் பெரும்பாலானவை ஐந்தாறு கீக்குள் அடங்குபவைதான்.

மேலே கேட்டிருந்த, கட்டைவிரல் உள்ளே நுழையும் இடம்: உள்ளங்கைக்குக் கீழே விரலை மடித்துத் திணித்தால் அடிமூட்டு உறுத்தும். அதற்குப் பதில் முன்கையோடு கையை வலப்பக்கம் நகர்த்தி, கட்டைவிரல் தன் இயல்பான இடத்திலேயே அடுத்த கீ மேல் வந்து இறங்கும்படி செய்யச் சொல்லுங்கள். இரண்டு ஸ்வரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும், விழட்டும். கீயைக் கட்டைவிரலின் நுனி நகத்தோரத்தால் தொட வேண்டும். முழு விரலையும் படுக்கப் போட்டால் மணிக்கட்டு பக்கவாட்டில் வளையும், அதிலிருந்துதான் கட்டைவிரல் பக்கத் தசைநாண் வீக்கம் தொடங்குகிறது.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு அளக்கலாம். வாசிக்கும்போது 3-ஐத் தாண்டினால் அன்று நிறுத்த வேண்டும். வாசித்து முடித்து 2 மணி நேரத்துக்குப் பிறகும் முன்பைவிட அதிகமாக வலித்தால் மறுநாள் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். தொடக்கத்தில் 8 முதல் 10 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. இரண்டு வாரம் தொந்தரவில்லை என்றால் 15 நிமிடமாக்கலாம். மேலே சொன்ன 25 நிமிடம் ஒரே அமர்வில் வருவதற்கு ஒன்றரை மாதம் ஆனாலும் பரவாயில்லை.

சர்க்கரை இருப்பதால் இரண்டு விஷயம். விரல் மடங்கிச் சிக்கி 'டக்' என்று விடுபடும் கோளாறு சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். காலையில் விரல் சிக்குகிறதா, உள்ளங்கையில் விரல் அடியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பயிற்சியை நிறுத்தி முதலில் கையைக் காட்டுங்கள். அடுத்தது விரல் நுனி மரத்துப்போதல். தொடு உணர்ச்சி குறைந்தவர்கள் கீ அடியைத் தொட்டதா என்று தெரியாமல் தேவைக்கு மேல் குத்துவார்கள். சத்தம் எப்போதும் பலமாகவே வருகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வாசிப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் கை வைப்பது விறைப்பைக் குறைக்கும். நீரின் சூட்டை வேறு யாராவது பார்த்துச் சொல்வது நல்லது. காலை எழுந்தவுடன் வேண்டாம், விரல் விறைப்பு விட்டபின் உட்காரட்டும்.

உட்காரும் உயரம் கைவலியில் பாதியைத் தீர்மானிக்கிறது. முழங்கை கீ மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ இருக்க வேண்டும், முன்கை தரைக்கு இணை, பாதம் முழுதும் தரையில். தரையில் இருந்து கீ மேற்பரப்பு 72 முதல் 74 செ.மீ. என்பது பியானோவின் வழக்கமான அளவு. நம் வீடுகளில் கீபோர்டை 75 செ.மீ. உயரச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுகிறார்கள். கீ மட்டம் 85-ஐ நெருங்கிவிடும். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். கட்டிலில் வைத்துச் சப்பணமிட்டு ஆர்மோனியம்போல வாசித்தால் இதற்கு நேரெதிர்க் கோளாறு, முதுகும் கூனும்.

---

சால்டரிங்:

61 கீ பத்தி. முதல்ல அதுல டச் ரெஸ்பான்ஸ் இருக்கான்னு பாருங்க: ஒரே கீயை மெதுவா, வேகமா தட்டினா சத்தம் மாறணும். மாறலைன்னா அது பொம்மை, விரல் கட்டுப்பாடு வராது. மாறுதுன்னா முதல் ஆறு மாசத்துக்குத் தாராளமா போதும். ஆரம்பப் பாடம் எதுவும் அந்த அஞ்சு ஆக்டேவைத் தாண்டாது. ஆர்வம் நிலைக்குதான்னு தெரியறதுக்கு முன்னாடி 88 கீ வாங்கி ஹாலை அடைக்காதீங்க.

பிறகு வாங்கறதா இருந்தா 'ஹேமர் ஆக்‌ஷன்', அதாவது நிஜ பியானோ மாதிரி கனமான கீ, உள்ள டிஜிட்டல் பியானோ. யமஹா, கேசியோ, ரோலண்ட் மூணுலயும் ஆரம்ப மாடல்கள் உண்டு, சுமார் 40,000 ரூபாயிலிருந்து. கட்டைவிரல் பிரச்சினை இருக்கறதால ஆன்லைன்ல வாங்காதீங்க, கடையில அம்மாவையே உட்கார வச்சு கட்டைவிரலால ஒரே கீயை 20 தடவை தட்டச் சொல்லுங்க. விலை குறைஞ்ச ஆக்‌ஷன் சிலது நிஜ பியானோவைவிடக் கனமாவே இருக்கும். கறுப்பு கீக்கு நடுவுல, உள்பக்கமா அழுத்தினா இன்னும் கனம் தெரியும், அங்கயும் சோதிங்க. விற்பனையாளர் "டச் செட்டிங்கை லைட்ல வச்சுக்கலாம் மேடம்"பார். அது எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு சத்தம்கிறதை மட்டும்தான் மாத்தும்; கீயோட கனம் ஒரு கிராம்கூடக் குறையாது. ஆனா பலவீனமான விரலுக்கு சத்தம் வர வைக்க அது உதவும், அதனால வச்சுக்கறதுல தப்பில்லை.

ஸ்டாண்டு: எக்ஸ் வடிவம் முட்டி இடிக்கும், உயரத்தை இறக்கினா அகலம் கூடும். இசட் வடிவமோ மேசை வடிவமோ, உயரம் மாத்தற மாதிரி. டேப் வச்சு கீ மட்டத்தையே அளங்க, ஸ்டாண்டு உயரத்தை இல்லை.

கிடந்த கீபோர்டுன்னா சில கீ சத்தமே வராது, இல்லை ஒண்ணு மட்டும் அலறும். பயப்பட வேண்டாம். கீக்கு அடியில ரப்பர் பட்டை, அதுல கார்பன் பொட்டு ரெண்டு ரெண்டா இருக்கும். முதல் பொட்டுக்கும் ரெண்டாவதுக்கும் இடைப்பட்ட நேரத்தை வச்சுதான் அது சத்தத்தைக் கணக்குப் போடுது. தூசியோ ஈரப்பசையோ ஒரு பொட்டுல படிஞ்சா கணக்கு தப்பும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால போர்டையும் பொட்டையும் மெல்லத் துடைச்சுக் காயவச்சா சரியாகும். பென்சில் ரப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, கார்பன் போயிடும். பெடல் தலைகீழா வேலை செய்தா, அதாவது காலை எடுத்தா சத்தம் நீளுதுன்னா, அணைச்சுட்டு, பெடலை மிதிக்காம மறுபடி ஆன் பண்ணுங்க. பல மாடல் ஆன் ஆகும்போது பெடல் இருக்கற நிலையைத்தான் 'விட்ட நிலை'ன்னு எடுத்துக்கும்.

ஹெட்போன் போட்டா வால்யூம் பாதிக்குக் கீழ. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்புக் கணக்குல 85 டெசிபல் 8 மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். காது மெஷின் வச்சிருக்கறவங்களுக்கு பியானோ சத்தம் கரகரன்னு கேட்டா, காது நிபுணர்கிட்ட இசைக்குன்னு தனி புரோகிராம் போட்டுத் தரச் சொல்லலாம். பேச்சுக்கு வச்ச செட்டிங் ஒரு ஸ்வரம் நீளறதைக் கூச்சல்னு நினைச்சு அமுக்கப் பார்க்கும்.

---

திருச்சி_வாசகி:

எல்லோருக்கும் நன்றி. மேசை மேல்தான் வைத்திருந்தோம், அளந்தேன், கீ மட்டம் 86 செ.மீ.! இன்னும் ஒன்று: தாளைப் பார்த்து வாசித்தால் கழுத்து வலிக்கிறது என்கிறார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறும் புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்கிறார்.

---

விரல்நுனி:

கண்ணாடிதான் காரணமாக இருக்கும். புரோகிரஸிவில் கிட்டப்பார்வைப் பகுதி கீழே, அதுவும் சுமார் 40 செ.மீ. தூரத்துக்கு. பியானோவில் தாள் கண்ணுக்கு நேராக, 60 செ.மீ. சுற்றி இருக்கும். அதைத் தெளிவாகப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்; பின்கழுத்து இறுகும். உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, கண்ணாடிக் கடையில் அந்தத் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி கேளுங்கள். அதுவரை தாளை ஏ4-இலிருந்து ஏ3-க்கு, அதாவது 141 சதவீதம், பெரிதாக்கி நகலெடுத்து வையுங்கள்.

---

கேட்டுப்பார்:

இதே இழையில் ஒரு துணைக் கேள்வி. பக்கவாதம் வந்து இடது கை மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பவருக்கு கீபோர்டு உதவுமா?

---

விரல்நுனி:

கொஞ்சமாவது விரல் அசைவு திரும்பியிருந்தால் உதவலாம். ஜெர்மனியில் 2007-இல் வெளிவந்த ஆய்வில் பக்கவாத நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து 3 வாரத்தில் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 30 நிமிடம் கொடுத்தார்கள். நுண்ணசைவுக்கு மிடி எனப்படும் மின்னணு பியானோ, தோள்-முழங்கை அசைவுக்கு மின்னணு டிரம் பேடுகள். கையின் வேகமும் துல்லியமும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேறின. பியானோவில் எட்டே வெள்ளை கீகள்தான் பயன்பட்டன, அதுவும் ஒரு ஸ்வரத்தில் தொடங்கிச் சிறு பாட்டுவரை படிப்படியாக.

வீட்டில் செய்வதென்றால் டச் ரெஸ்பான்ஸை அணைத்துவிடுங்கள், லேசாகத் தொட்டாலும் முழுச் சத்தம் வரட்டும். பாதிக்கப்பட்ட கை மட்டும், 10 நிமிடம். முன்கைக்குக் கீழே மடித்த துண்டு. அழுத்தும்போது மற்ற விரல்கள் இறுகி மடங்கினாலோ தோள் காதை நோக்கி ஏறினாலோ உடனே நிறுத்தி ஓய்வு கொடுங்கள். தசை இறுக்கத்தோடு தொடர்ந்தால் தவறான அசைவே பழகிவிடும். எந்த விரலிலிருந்து தொடங்குவது என்பதை அவரைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். இவருக்கு வலிப்பு வந்த வரலாறோ தோள் மூட்டு இறங்கியிருப்பதோ உண்டென்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

---

மந்தரஸ்தாயி:

வாசகி, வகுப்பா யூடியூபான்னு நீங்க கேட்கலை, ஆனா அடுத்து அதுதான் வரும். முதல் மூணு மாசம் வாரம் ஒருநாள் நேர்ல ஆசிரியர், வயசானவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகினவரா பாருங்க. மணிக்கட்டு வளையறதை வீடியோ சொல்லாது. மேலிருந்து வெளிச்சக் கட்டை விழற ஆப்கள் பாட்டை சீக்கிரம் வாசிக்க வைக்கும், படிக்கச் சொல்லித்தராது. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம்-ங்கற பிரிட்டிஷ் இசைத் தேர்வுகளுக்கு வயது வரம்பு கிடையாது, தொடக்கநிலையான இனிஷியல் கிரேடிலிருந்து உண்டு. தேர்வுன்னா பதற்றப்படுவாங்கன்னா அந்தப் பக்கமே போக வேண்டாம். மாசம் ஒருநாள் பேரன் முன்னால ரெண்டு பாட்டு வாசிக்கட்டும்.